பட்டணத்து இலையும் எங்கள் தெரு இட்டிலியும்

சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வகைப்படுவார்கள். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை. நன்றாகச் சாப்பிட மட்டுமே தெரிந்தவர்கள் மற்றொரு வகை. அடியேன் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். ஆகையால், சாம்பாருக்கு எவ்வளவு பருப்புப் போடவேண்டும் என்று அறியும் ஆவலுடன் இதைப் படிக்கத் தொடங்கும் சகோதரிகள் ஏமாற்றமடைய நேரிடும். அவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பிறந்தது கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் என்னும் பகுதியில். தகப்பனார் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். என்னை எப்படியோ படிக்க வைத்துவிட்டார். 1979-ஆம் வருஷம் சென்னைப் பட்டணத்தில் எனக்கு ஒரு சிறு குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. பஸ் ஏறும்போது மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் என்ன புத்திமதி சொல்வார்களோ, தெரியாது. என் தகப்பனார் சொன்னது இதுதான்: "தம்பி! பட்டணத்து ஹோட்டலில் நீ யார் என்று கேட்கமாட்டார்களாம். காசைத்தான் கேட்பார்களாம். பயப்படாமல் உள்ளே போய் உட்கார்."

இந்தப் புத்திமதிக்குக் காரணம் உண்டு. அவர் வேலைக்குப் போன கிராமம் ஒன்றில் ஒரு டீக்கடை. அங்கே அவருக்கென்று தனி டம்ளர் வெளியே தொங்கும். தாமே எடுத்துக் கழுவி, டீயை வாங்கிக் குடித்து, மறுபடியும் கழுவித் தொங்கவிட வேண்டும். பெஞ்சியில் உட்காரலாகாது. வாழ்நாளில் பாதியை நின்றுகொண்டே டீ குடித்துக் கழித்தவர் அவர்.

பட்டணத்தில் எனக்குத் திருவல்லிக்கேணியில் ஓர் அறை கிடைத்தது. அறை என்று சொல்வது மரியாதைக்காக. நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் நிற்கவேண்டியதுதான். முதல் நாள் காலையில் ஹைரோடிலுள்ள ரத்னா கபேக்கு முன்னால் வெகு நேரம் தயங்கி நின்றேன். 1948-ல் வட நாட்டிலிருந்து வந்த குப்தா குடும்பத்தார் ஆரம்பித்த ஹோட்டல் அது. வடக்கத்தியார் வைத்த சாம்பாருக்குத் தமிழ் நாடு அடிமையானது சரித்திர விசித்திரங்களில் ஒன்று. கடைசியில் தகப்பனாரை நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டேன். இட்டிலி வந்தது. பின்னாலேயே ஒருவர் சாம்பாருடன் வந்து, இட்டிலி முழுகும்வரையில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து ஊற்றினார். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. "இன்னும் சாம்பார் வேணுமா?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு என் கண்ணில் வந்த நீருக்குச் சாம்பாரின் காரமே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன்.

பிறகு எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸுக்குப் போவேன். இடம் சிறியது, உள்ளே இருப்பவர் எழுந்தால்தான் வெளியே இருப்பவர் உட்காரலாம். பொங்கலுக்கும் வடைக்கும் அங்கே போடும் கெட்டிச் சட்னிக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசலில் தவம் கிடக்கலாம். சம்பள நாளில் மவுண்ட் ரோடு புகாரி ஹோட்டல். 1951-ல் தோன்றிய அந்த ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டால் அன்றைக்கு நானும் ஒரு நவாப்புதான்; மறு நாள் காலையில் பழையபடி குமாஸ்தா.

உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, ஹோட்டலில் மாவரைத்து முன்னேறிய கிருஷ்ணராவ் 1938-ல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். அவர்கள் 1962-ல் கதீட்ரல் ரோடில் திறந்த டிரைவ்-இன் ஹோட்டலுக்குக் காரில் போகவேண்டும் என்று பெயர். நான் கால்நடையாகவே போனேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் மத்தியானம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கலாம். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகும்போதெல்லாம் என் மூக்கு மட்டும் பூவைத் தேடாமல் காபியைத் தேடுகிறது.

பட்டணத்து ஹோட்டல்கள் எப்போதுமே இவ்வளவு பெருந்தன்மையாக இருந்தன என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். "பிராமணாள் காபி கிளப்" என்று போர்டு தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 1957-ல் பெரியாரின் திராவிடர் கழகத் தொண்டர்கள் திருவல்லிக்கேணியிலேயே ஒரு ஹோட்டல் முன்னால் மறியல் செய்து, அந்த வார்த்தைக்காகக் கூட்டம் கூட்டமாகச் சிறை சென்றார்கள். 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், கடையிலும் ஹோட்டலிலும் ஜாதியைச் சொல்லி யாரையும் தடுக்கலாகாது என்று விதித்திருக்கிறது. என் தகப்பனாரின் டம்ளர் அதற்குப் பிறகும் பல வருஷங்கள் வெளியேதான் தொங்கியது. சட்டம் பட்டணத்திலிருந்து கிராமத்துக்கு நடந்தே வந்தது போலிருக்கிறது.

இத்தனை பெரிய பெயர்களைச் சொன்னேன். ஆனால் என் மனத்தில் முதலிடம் பெற்றது பெயர்ப் பலகையே இல்லாத ஒரு மெஸ். எங்கள் அறைக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தது. ரஸம் சுமார், மோரில் தண்ணீரே அதிகம். ஒரு முறை எனக்குக் கடுமையான ஜுரம். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு போனேன். பரிமாறும் பெரியவர் இலையைப் போட்டுவிட்டு, "இரண்டு நாளாக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்றார். பட்டணத்தில் அத்தனை லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். நான் வராததைக் கவனித்தவர் அவர் ஒருவரே. அன்று முதல் அந்தத் தண்ணீர் மோர் எனக்கு அமிர்தமாயிற்று.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிவிட்டேன். இங்கே என் ஹோட்டல், ஓர் ஆயாவின் இட்டிலிக் கடை. தெருவோரத்தில் இரண்டு அடுப்பு, ஒரு பலகை, அவ்வளவுதான். விடியற்காலையில் மூட்டை தூக்கப் போகிறவர்களும் கொத்து வேலைக்குப் போகிறவர்களும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாருக்கு எத்தனை இட்டிலி, யாருக்குக் காரச் சட்னி, யார் சனிக்கிழமை கணக்குத் தீர்ப்பார் என்பதெல்லாம் ஆயாவுக்கு மனப்பாடம். அதற்குத் தகுந்தாற்போல்தான் மாவு ஆட்டுவார்.

2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்தின் பெயர் தேசமெங்கும் அடிபட்டது. மெதனால் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். மெதனால் வயிற்றுக்குள் போய்ப் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் கெடுக்கும். பிறகு உயிரையே வாங்கும். இந்த ரஸாயனத்தை விஷம் குடித்தவர்கள் படித்திருக்கவில்லை. அதை விற்றவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சில நாட்களுக்குப் பிறகு விடியற்காலையில் ஆயாவின் கடைக்குப் போனேன். பலகையில் இடம் காலியாக இருந்தது. பாத்திரத்தில் மாவு நிறைய மீந்திருந்தது.

"பழக்கத்திலே அதே அளவு போட்டுட்டேன், ஐயா" என்றார் ஆயா.

குடித்தவர்களைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பகலெல்லாம் மூட்டை சுமந்த உடம்பு மாலையில் எங்கே போய் உட்காரும் என்று அதற்குமுன் நான் யோசித்ததில்லை. காலையில் உட்கார ஆயாவின் பலகை இருந்தது. மாலையில் கையில் இருக்கும் சொற்பக் காசுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போட்டு, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு ஓர் இடம் இருந்ததா? சாராயம் விற்றவனுக்கு மட்டும் அந்த நேரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகையால், வெளியூர் நண்பர்கள் இப்போது என்னிடம் எந்த ஹோட்டல் உயர்ந்தது என்று கேட்டால், ரத்னா கபேயின் சாம்பாரைப் பற்றி மணிக்கணக்கில் சொல்கிறேன். ராயர் மெஸ் சட்னியையும் விடுவதில்லை. ஆனால் கடைசியில், அவர்கள் ஊரில் ஏழைகள் சாப்பிடும் கடைக்கு ஒரு நாள் போய்ப் பலகையில் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆயா இப்போது மாவைக் குறைத்துவிட்டார். ஆனால் நான் ஒரு நாள் போகாவிட்டால், மறு நாள் தட்டைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு காரணம் கேட்கிறார். தக்க சமாதானம் சொன்ன பிறகுதான் இட்டிலி கிடைக்கிறது.