முன்னிருக்கையும் பின்தொட்டியும்

அரபு மொழியில் ஒட்டகத்துக்குரிய பெயர்களை எண்ணி முடிப்பது எளிதன்று. வயதுக்கு ஒரு பெயர், நிறத்துக்கு ஒரு பெயர், செய்யும் தொழிலுக்கு ஒரு பெயர். மனிதர் ஏறிப் பயணம் செய்வதற்கென்று பழக்கப்பட்டது ‘ராஹிலா’. மூட்டை முடிச்சுகளைச் சுமப்பது ‘ஸாமிலா’. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இச்சொற்களை மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். எனினும், அவ்விரண்டில் ஒன்றை நானே தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் வருமென்று எண்ணியதில்லை. சென்ற ஆண்டு அந்த நாள் வந்தது. ஒட்டகச் சந்தையில் அன்று. போளூரில், பழைய வண்டிகளை நிறுத்தி விற்கும் ஒரு வேப்பமரத்து நிழலில்!

எங்கள் இல்லம் திருவண்ணாமலையில். நான் பாடம் நடத்துவது போளூரில். இடையே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். இத்தனை ஆண்டுகள் பேருந்தில் சென்று வந்தேன். இப்போது முழங்கால் இசையவில்லை. என் மூத்த மகனோ ஜவ்வாது மலைக்குச் சென்று புளி, சாமை, தேன் ஆகியவற்றை மலைவாசிகளிடம் வாங்கி வந்து விற்கும் தொழில் செய்கிறான். ஜமுனாமரத்தூர் வரை நல்ல சாலை உண்டு. அதற்கப்பால் அவன் செல்லும் சிற்றூர்கள் சிலவற்றுக்குக் கல்லும் சேறும் கலந்த தடம்தான். வார நாட்களில் எனக்கும், வாரக் கடைசியில் அவனுக்கும் பயன்படும்படி ஒரே வண்டி வாங்குவதென்று முடிவு செய்தோம். இருவர் சேமிப்பையும் சேர்த்தால் நான்கு லட்சம் ரூபாய் தேறும். ஆகவே புதிய வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேப்பமரத்தடியில் எங்களுக்கு ஏற்றவையாக இரண்டு நின்றன. இரண்டும் 2012ஆம் ஆண்டு வண்டிகள். இரண்டும் மஹிந்திரா பொலேரோ குடும்பத்தவை. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பொலேரோவை நம் மாவட்டத்தின் எந்த மலையடிவாரத்திலும் காணலாம். ஒன்று, ஏழு பேர் அமரக்கூடிய மூடிய வண்டி. மற்றொன்று, ஐவர் அமரும் இரட்டைக் கேபினும் அதன் பின்னே திறந்த தொட்டியும் கொண்ட ‘கேம்பர்’ பிக்கப். இரண்டுக்கும் அடியில் கனத்த இரும்புச் சேஸ்; இரண்டிலும் இஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கே செல்கிறது; இரண்டிலும் பின்பக்கம் கமான் பட்டை. உடன்பிறந்தார் இருவரில் ஒருவர் விருந்தினரை ஏற்கவும், மற்றவர் மூட்டை சுமக்கவும் பிறந்ததைப் போல் நின்றன.

மகன் பிக்கப்பின் பக்கம் சாய்ந்தான். “அத்தா, இதில் ஒரு டன் வரை ஏற்றலாம். புளி மூட்டையின் பிசுக்கும் மண்ணும் தொட்டியோடு நிற்கும். நீங்கள் உட்காரும் இடத்துக்கு வராது. கழுவுவதும் எளிது. உங்களுக்கும் முன்னே நல்ல இருக்கை இருக்கிறதே!” என்றான். பிறகு தயக்கத்தோடு, “ஹஜ்ஜுப் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறிச் சென்ற ஒட்டகமே அவர்களுடைய மூட்டைகளையும் சுமந்தது என்று அனஸ் (ரலி) அறிவிப்பதாக நீங்கள்தானே புகாரியிலிருந்து பாடம் நடத்தினீர்கள்?” என்றான். என் அம்பை எடுத்து என்மீதே எய்தான்! உண்மைதான். ராஹிலாவுக்கும் ஸாமிலாவுக்கும் தனித்தனியே செலவிடாமல் ஒன்றிலேயே நிறைவடைந்த எளிமை அது. நான் விடை சொல்லாது வீடு திரும்பினேன்.

என் துணைவியார் சொன்னது வேறு. “ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பாருங்களேன். எத்தனை நாள் மூட்டை ஏறுகிறது, எத்தனை நாள் ஆள் ஏறுகிறார் என்று தெரிந்துவிடும்” என்றார். மகனின் பழைய கணக்குகளைப் புரட்டினோம். மூன்று மாதங்களில், ஐந்து மூட்டைக்கு மேல் வந்த நாட்கள் பதினொன்றுதான். மாசி, பங்குனிப் புளிப் பருவத்தில் அவை கூடும். மற்ற மாதங்களில் குறையும். நானோ வாரம் ஆறு நாள் போகவும் வரவும் எழுபது கிலோமீட்டர் செல்ல வேண்டியவன். பயன்பாட்டின் பெரும்பகுதி எதுவென்று பாராமல், ஆண்டில் சில நாட்கள் வரும் தேவையை மனத்தில் பெரிதாக்கி வண்டி வாங்குவோர் பலர். மலையேற ஆசைப்பட்டு வாங்கிய வண்டியைக் கடைவீதியில் நிறுத்த இடமின்றித் தவிப்போரையும் நாம் பார்க்கிறோம்.

போளூரில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை அழைத்துச் சென்று இரண்டையும் காட்டினோம். அவர் பளபளப்பைப் பார்க்கவில்லை. கீழே படுத்துச் சேஸில் துருவும் வெல்டிங் தழும்பும் உண்டா என்று தடவிப் பார்த்தார். கமான் பட்டைகளின் வளைவைப் பார்த்தார். சுமை வண்டியில் அது நிமிர்ந்து போயிருந்தால், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருளாம். “காலியாக ஓடும்போது பிக்கப்பின் பின்புறம் தூக்கித் தூக்கிப் போடும், ஹஜ்ரத். பாரத்துக்கென்று அமைத்த பட்டை. பாரம் இல்லையென்றால் அது வளைந்து கொடுக்காது. மழைத் தடத்தில் பின்சக்கரத்தின்மேல் எடை இல்லாவிட்டால் சறுக்கும்; மணல் மூட்டை இரண்டு போட்டுக்கொள்ள வேண்டும்” என்றார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியன்று என்பதால் அந்தக் குறை மலையில் பெரிதாகும். மூடிய வண்டியிலோ உடலின் எடையும் பின்னிருக்கையில் அமர்வோரின் எடையும் ஓரளவு அங்கேயே விழுகின்றன.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பிறை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தில் நஃபில் நோன்பு நோற்கும் பழக்கமுள்ளவர்களுக்குப் பௌர்ணமி என்றைக்கு என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த மாலைகளில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கான மக்கள் நடப்பர். ஊருக்கு வெளியிலேயே வண்டிகள் நிற்கும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, கூட்டத்துக்கிடையே முதல் கியரில் ஊர்ந்து வருவது பழைய கிளட்சுக்கும் பழைய முழங்காலுக்கும் ஒருங்கே சோதனை. இது இரண்டு வண்டிக்கும் பொது என்பதால் தராசை எப்பக்கமும் சாய்க்கவில்லை.

சட்டம் சற்றே சாய்த்தது. அந்தப் பிக்கப் சரக்கு வண்டியாகப் பதிவானது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கோ பதினைந்து ஆண்டுவரை பதிவு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். இதைவிட முக்கியமானது மற்றொன்று. சரக்கு வண்டியில் கூலியின்றி ஏற்றிச் செல்லப்படும் பயணிக்கு விபத்து நேர்ந்தால், ஈடு கொடுக்கும் சட்டக் கடமை காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் செல்லும் நிலை வேறு. தொட்டியில் ஏறிக்கொண்ட அண்டைவீட்டாருக்கு அந்தக் காப்பு இல்லை.

இங்கேதான் நான் மகனிடம் ஒளித்து வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், பக்ரீத் விடுமுறையில், மாணவர்கள் பன்னிரண்டு பேரை ஜமுனாமரத்தூருக்கு அழைத்துச் சென்றேன். செலவைக் குறைக்க ஒரு பிக்கப்பை வாடகைக்கு அமர்த்தியது நான்தான். பிள்ளைகளைத் தொட்டியில் ஏற்றியதும் நான்தான். பாட்டும் சிரிப்புமாக ஏறினார்கள். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்கியது. ஒரு சிறுவன் தூக்கி எறியப்பட்டுப் பாறையோரம் விழுந்தான். கை முறிந்தது, நெற்றியில் ஏழு தையல். ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் பள்ளம். இறைவன் காத்தான். மருத்துவமனைக்கு ஓடி வந்த அவனுடைய தாயார் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “நீங்க எங்கே உட்கார்ந்திருந்தீங்க, ஹஜ்ரத்?”

நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில், மெத்தை போட்ட முன்னிருக்கையில் அமர்ந்திருந்தேன்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. 2022 ஏப்ரலில், அதே ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், செம்பறை அருகே கோவிலுக்குச் சென்ற சரக்கு வேன் கவிழ்ந்து பெண்களும் சிறுமிகளுமாகப் பத்துப் பேருக்கு மேல் மாண்ட செய்தியைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்வண்டியில் ஏறியவர்களைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. பேருந்து அரிதான மலையில், காலியான தொட்டி ஒன்று போகிறதென்றால் கை காட்டாமல் யார்தான் இருப்பர்? கைக்குழந்தையோடு நிற்கும் தாயைப் பார்த்த பிறகு, நிறுத்தாமல் செல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

“அதுதான் என் அச்சம், மகனே” என்றேன். “மலையில் உன் தொட்டி ஒருநாளும் காலியாக இராது. நீ இளகிய மனத்தவன். இருவர் ஏறுவர், பிறகு பதின்மர் ஏறுவர். ஏழு இருக்கை உள்ள வண்டியில் ஏழு பேர் நிறைந்தபின், ‘இடமில்லை, மறுமுறை வந்து அழைத்துச் செல்கிறேன்’ என்று கூசாமல் சொல்லலாம். தொட்டிக்கு அத்தகைய எல்லை இல்லை. அனஸ் (ரலி) அறிவித்த செய்தியில் மனிதருடைய வாகனத்தில் மூட்டை இடம் பெற்றது. மூட்டைக்குரிய இடத்தில் மனிதரை அடுக்கியது நான்!”

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பையன் இப்போது எங்கே, அத்தா?” என்று கேட்டான். வேலூரில் படிக்கிறான் என்றேன்.

மூடிய வண்டியையே வாங்கினோம். பின்னிருக்கைகளை மடக்கினால் வீட்டுக்கும் உறவினருக்குமான இரண்டொரு மூட்டைகள் அடங்குகின்றன. வியாபாரச் சரக்கு வரும் நாட்களில் போளூரிலிருந்து ஒரு சரக்கு வண்டியை வாடகைக்கு எடுக்கிறான். வாடகைபோக இலாபம் சிறிது குறைகிறதென்று முணுமுணுக்கிறான். அவன் முணுமுணுப்பில் நியாயம் உண்டு. தொழிலே முழுநேரச் சுமையாக இருப்பவருக்குப் பிக்கப்தான் பொருத்தம். அதை வாங்குவோரை நான் தடுக்கமாட்டேன். தொட்டியில் ஆளை ஏற்றுவதில்லை என்ற உறுதியையும் உடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சென்ற மாதம் மழை நாளொன்றில் நானும் அவனோடு மலைக்குச் சென்றேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு திருப்பத்தில் மூதாட்டி ஒருவரும் பேத்தியும் நனைந்தபடி நின்றனர். மகன் வண்டியை நிறுத்தினான். நான் இறங்கிப் பின்பக்கம் சென்று, பக்கவாட்டு இருக்கையில் அமர்ந்துகொண்டேன். மூதாட்டி முன்னிருக்கையில் அமர்ந்தார். கல் தடத்தில் வண்டி குலுங்கியபோது என் முழங்கால் வலித்தது. அந்தத் தாயாரின் கேள்வி அன்று சற்றே இலேசாகத் தோன்றியது.