மழைக்கு முன்னாடி எண்ணிடு மக்ளே!

“சம்மர் இன்டர்ன்ஷிப் எங்கே மச்சி?”

“தக்கலை.”

“அது எந்த நாட்டு கம்பெனி?”

ஹாஸ்டலில் இதே கேள்வியை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தக்கலை கம்பெனி இல்லை பாஸ், ஊர்! நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் ரோட்டில், சுமார் 15 கிலோமீட்டரில் வரும். நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். மெயில் அனுப்பிய தொழிற்சாலைகள் எல்லாம் மௌன விரதம் இருக்க, தக்கலையில் இருந்து அத்தை மட்டும் போன் செய்தார். “இங்க தெரிஞ்ச சார் ஒருத்தரு இன்சூரன்ஸ் புரோக்கிங் ஆபீஸ் வச்சிருக்காரு. வாறியா மக்ளே?”

சர்டிஃபிகேட் கிடைத்தால் சரி என்று கிளம்பிவிட்டேன். மே கடைசியில் போய் இறங்கினால், எங்க ஊர் வெயிலுக்கு நேர் எதிர்! இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. வருஷத்துக்கு ரெண்டு சீசன். குடை இல்லாமல் வந்த ஒரே ஆள் நான்தான்.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். “ஏஜென்ட் வேலைதானே சார்?” என்று கேட்டேன். சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏஜென்ட் இன்சூரன்ஸ் கம்பெனியோட ஆளு. புரோக்கர் வாடிக்கையாளரோட ஆளு. அஞ்சாறு கம்பெனியில விலை கேட்டு, கண்டிஷனை ஒப்பிட்டுப் பாத்து, எது அவருக்கு சரியா வரும்னு சொல்லணும். நஷ்டம் வந்தா அவர் பக்கம் நின்னு பேசணும்.”

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு முறையான விதிகள் வந்ததே 2002-ல்தான். இப்போது நடப்பது 2018-ம் வருஷ விதிகள். நேரடி புரோக்கர் உரிமம் வாங்க நிறுவனத்துக்கு 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். பொறுப்பு அதிகாரி பயிற்சி எடுத்து, தேர்வும் எழுதிப் பாஸாக வேண்டும். நமக்கு அதில் ஒன்றும் கிடையாது. அதனால் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். “நீ பாலிசி விக்கக் கூடாது. எண்ணலாம், எழுதலாம், கேக்கலாம். அவ்வளவுதான்.”

ஆறு வாரமும் இந்த மூன்று வேலைதான். ஆனால் அதற்காக ஊர் முழுக்கச் சுற்றினேன். பஸ் ஸ்டாண்ட், மேட்டுக்கடை, அழகியமண்டபம், புலியூர்குறிச்சி என்று ஒரு ஃபைலும் சார் கொடுத்த பழைய பைக்கும்தான் துணை. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். இந்த ரப்பர் ஊரில்தான் ஒரு வேடிக்கையும் தெரிந்தது. வண்டி இன்சூரன்ஸில் அடிபட்ட ரப்பர், பிளாஸ்டிக் பாகத்துக்கு விலையில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ‘ஜீரோ டெப்’ என்று தனியாகக் காசு கட்டினால் அந்தப் பாதியும் கிடைக்கும். உங்க பைக் பாலிசியை எடுத்து ஒரு தடவை பாருங்க. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதில் இல்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். தக்கலையில் இருந்து ரெண்டு கிலோமீட்டர்தான். (திங்கட்கிழமை லீவு, ஏமாந்துடாதீங்க.) 1795 வரைக்கும் திருவிதாங்கூரின் தலைநகரம் இது. முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் கறுப்புத் தரை, ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை, தலை குனிந்து நுழையும் வாசல்கள்... ஆனால் நான் ரொம்ப நேரம் பார்த்தது கூரையை. ஓட்டுக் கூரை சும்மா சர்ரென்று சரிந்து இறங்குகிறது. மழை விழுந்தால் ஒரு நொடிகூட மேலே நிற்காது. மழையைத் தெரிந்தவர்கள் கட்டிய வீடு.

திங்கட்கிழமை சார் கேட்டார். “அரண்மனை பாத்தியாமே? அத யாரு இன்சூர் பண்ணலாம், சொல்லு பாப்போம்?”

நல்ல கேள்வி! 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது இன்றைக்கும் கேரள அரசின் தொல்லியல் துறை. நான் முழித்தேன்.

“அது போனா யாருக்கு நஷ்டமோ அவிய பண்ணலாம். டிக்கெட் எடுத்து ரசிச்சவன் பண்ண முடியாது. இதுக்குப் பேருதான் இன்சூரபிள் இன்ட்ரஸ்ட்.” நாலு பக்க நோட்ஸ் எழுதியிருந்தாலும் எனக்கு இது புரிந்திருக்காது.

எல்லாம் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த பர்னிச்சர் கடைக்காரர் வரும் வரை.

ஏப்ரலில் அடித்த கோடைமழைக் காற்றில் அவர் குடோன் கூரை பறந்துவிட்டது. பிளைவுட், மெத்தை, கட்டில் எல்லாம் நனைந்து நாலு லட்சம் ரூபாய் நஷ்டம். சர்வேயர் வந்து பார்த்தார், நஷ்டத்தை ஒத்துக்கொண்டார். ஜூனில் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருந்து முடிவு வந்தது. ரெண்டு லட்சம்!

கையில் கடிதத்தோடு அவர் என் எதிரில்தான் உட்கார்ந்தார். சார் வெளியே போயிருந்தார்.

“நாலு லட்சம் நனைஞ்சது நெசம்தானே மக்ளே? பாதிய யாரு எடுத்தா?”

யாரும் எடுக்கவில்லை. குடோனில் இருந்த சரக்கு 20 லட்சம். பாலிசியில் எழுதியிருந்தது 10 லட்சம். பாதிச் சரக்குக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார், மீதிப் பாதிக்கு அவரே பொறுப்பு என்று கணக்கு. அதனால் எந்த நஷ்டம் வந்தாலும் பாதிதான். இதை ‘ஆவரேஜ்’ என்கிறார்கள். 2021 ஏப்ரலில் வந்த சிறு தொழில் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைத்து எழுதியிருந்தால் மன்னித்துவிடுவார்கள். இவருடையது 50 சதவீதம்.

எங்க இன்ஜினீயரிங் பாஷையில் இது ஒரு வரி ஃபார்முலா. நஷ்டத்தை பாலிசித் தொகையால் பெருக்கி, சரக்கு மதிப்பால் வகுத்தால் முடிந்தது. பேப்பரில் போட்டுக் காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. முந்தின வருஷம் பிரீமியத்தைக் குறைக்க அவரேதான் 20-ஐ 10 ஆக்கச் சொல்லியிருக்கிறார். மிச்சமான காசு, ரெண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். “அப்போ ஒருத்தராவது இத எனக்கு வெளங்குத மாதிரி சொல்லியிருக்கலாம்லா?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இருக்கிறது. அதற்கு ரெண்டு நாள் முன்னால்தான் மேட்டுக்கடையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ரினீவல் ஃபாரம் எழுதியிருந்தேன். “போன வருஷம் போட்டதையே போடு மக்ளே” என்று அண்ணாச்சி சொல்ல, 12 லட்சம் என்று எழுதி, அவர் வாங்கித் தந்த சாயாவையும் பழம்பொரியையும் முடித்துவிட்டு வந்திருந்தேன். சரக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாரிடம் ஒத்துக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், ஃபாரத்தைத் திருப்பித் தந்தார். “போய் எண்ணிட்டு வா. அண்ணாச்சியையும் கூட நிக்க வச்சு எண்ணு.”

ரெண்டு மத்தியானம் எண்ணினோம். பைப், பெயின்ட் டப்பா, ஆணிப் பெட்டி, பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் அவரே மறந்துபோன மோட்டார்கள்... கூட்டினால் 23 லட்சம்!

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தொகை கூடுனா பிரீமியம் கூடும். பிரீமியம் கூடுனா ஒங்களுக்குக் கமிஷன் கூடும்லா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அது உண்மை. புரோக்கருக்குக் கூலி கொடுப்பது வாடிக்கையாளர் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி. அதுவும் பிரீமியத்தில் சதவீதமாக. அந்த இடத்திலேயே சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஆமா அண்ணாச்சி, கூடும்” என்றார் சார், கொஞ்சமும் யோசிக்காமல். “அதனாலதான் நான் தொகை சொல்லல. ஒங்க சரக்க ஒங்க கண்ணு முன்னால எண்ணச் சொன்னேன். இனி தொகைய நீங்களே சொல்லுங்க.”

வெளியே மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “வாயில நல்ல வார்த்தையே வராதாடே ஒங்களுக்கு? கூரை போவும், தீ பிடிக்கும்னே பேசுதீய...” என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணாச்சி பேனாவை வாங்கினார். 23 என்று அவரே எழுதினார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று அத்தை அன்று ராத்திரி சொன்னார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் சொன்னார். ஒரு ரப்பர் மரம் பால் தர ஏழு வருஷம் ஆகும், சாய ஒரு ராத்திரி போதும். எந்த பாலிசியும் மரத்தை நிமிர்த்தி வைக்காது, ஆளைத் திருப்பித் தராது. ஆனால் அடுத்த கன்று வாங்கக் கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதை, மழைக்கு முன்னால் யாரோ ஒருத்தர் ஃபாரத்தில் எழுதிய ஒரு நம்பர் முடிவு செய்கிறது. அதை எழுதும் ஆள் என்னை மாதிரி பழம்பொரி ஞாபகத்தில் எழுதக் கூடாது.

கடைசி நாள் சர்டிஃபிகேட் கிடைத்தது. பஸ் ஏறும் முன் அந்த பர்னிச்சர் கடை வழியாகப் போனேன். குடோனுக்குப் புதுக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் நோட்டும் பேனாவுமாகக் கட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, “பேசாத மக்ளே, கணக்கு தப்பிரும்” என்றார்.

நான் பேசவே இல்லை!