சூடு ஆறுவதற்குள்

பழைய காரில் பழுது இரண்டு வகை. ஒரேயடியாக நின்றுபோவது ஒன்று. வழியில் நின்று, அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுவது இன்னொன்று. முதலாவதில் பணம் போகும், பழுதும் போகும். இரண்டாவதில் பணம் மட்டும் போகும்.

என்னுடையது கார்புரேட்டரும் பாயிண்ட்டும் வைத்த காலத்து வண்டி. கத்திரி வெயிலில் மதுரையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினால், துவரங்குறிச்சி தாண்டியதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் முதல் செல்ஃபிலேயே எடுக்கும். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே பழுது இருக்காது. இல்லாத பழுதை யார் பார்ப்பது? ஒருவர் பிளக்கை மாற்றுவார், இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார், மூன்றாமவர் பேட்டரியைக் குறை சொல்வார்.

ஃபியட், அம்பாசடர் காலத்திலிருந்தே வயர் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் கையை வைக்காமல் கேள்வி கேட்டார். கடைசியில், "அடுத்த தடவை நின்னா டீ குடிக்கப் போகாதீங்க சார். சூடு ஆறுறதுக்குள்ள பிளக்குல கரண்ட் வருதான்னு மட்டும் பாருங்க" என்றார்.

"வந்தா என்னண்ணே, வராட்டி என்ன?"

"வந்தா பெட்ரோல் கோளாறு. வராட்டி என் கோளாறு."

அவர் சொன்னதன் நியாயம் பிறகு விளங்கியது. கடும் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்பு ஆவியைத் தள்ளத் திணறும். என்ஜின் பட்டினி கிடந்து அணையும். அந்தக் கால டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். இக்னிஷன் காயில் கதையும் ஏறக்குறைய இதேதான். 12 வோல்ட்டை வாங்கி 20,000 வோல்ட் அளவுக்கு ஏற்றித் தரும் மெல்லிய கம்பிச் சுருள் அது. வயதான சுருளின் பூச்சு சூட்டில் தளர்ந்தால் மின்சாரம் உள்ளேயே குறுக்குவழி தேடிக்கொள்ளும். நாலு சிலிண்டர் என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 பொறி வேண்டும். அரை நொடி தவறினாலே ஐம்பது போயிற்று. இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்று, ஆற விடுவதுதான் மருந்தும். ஆறியதும் இரண்டின் தடயமும் அழிந்துவிடும்.

விராலிமலைக்கு முன்னால் மறுபடி நின்றபோது பானெட்டைத் திறந்தேன். கையோடு வைத்திருந்த பழைய பிளக்கைக் காயிலிலிருந்து வரும் வயரில் மாட்டி என்ஜின் இரும்பின் மேல் கிடத்தினேன். மனைவி செல்ஃப் அடித்தாள். பொறி இல்லை. டெஸ்ட் லேம்ப்பைக் காயிலின் ஒரு முனையில் வைத்தால் எரிந்தது. மறுமுனையில், செல்ஃப் சுற்றச் சுற்ற, விட்டுவிட்டு எரிந்தது. அதாவது காயில்வரை கரண்ட் வருகிறது, பாயிண்ட்டும் திறந்து மூடுகிறது. சந்தேகத்துக்கு மிச்சம் காயிலும் கண்டன்சரும்தான். வண்டி ஆறியதும் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்டன்சர் கெட்டிருந்தால் பாயிண்ட் முகம் கருகியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்த எலக்ட்ரீஷியன், அது சுத்தமாக இருந்ததால் காயிலை மட்டும் மாற்றினார். அந்த வெயில் காலம் முழுக்க வண்டி நிற்கவில்லை.

அவருடைய மற்ற சோதனைகளும் இதே ஜாதி. செல்ஃப் சுற்றும்வரை என்ஜின் ஓடி, சாவியை விட்டதும் அணைந்தால், காயிலுக்குப் போகும் ரெசிஸ்டரைப் பார்ப்பார். நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்வார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. எர்த் வயரைச் சும்மா இருக்கும்போது அளக்கவே மாட்டார். பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் நல்ல வயர் என்றே காட்டும். பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, என்ஜினில் ஒரு முனை வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும்; அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அந்த வயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வேலை வாங்காதவரை எல்லா வயரும் யோக்கியமான வயர்தான்.

வழியில் நிற்கிறவனுக்கு எப்படியாவது கிளம்பினால் போதும். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அந்தச் சில நிமிடங்களை விட்டால் வேறு நேரமில்லை. அதே நிமிடங்களில்தான் நமக்கு அவசரமும். இன்றைய கார்களின் கம்ப்யூட்டருக்கு அந்த அவசரம் கிடையாது. கோளாறு தெரிந்த கணத்தில் என்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பழைய காரில் அந்தக் குறிப்பை ஓட்டுகிறவன்தான் எழுத வேண்டும்.

எலக்ட்ரீஷியன் கூலி வாங்குவதும் இதை வைத்தே. எத்தனை கிலோமீட்டரில், எந்தச் சூட்டில், பொறியோடா பொறியில்லாமலா என்று சொல்லத் தெரிந்தவரிடம் ஒரு மணி நேரக் கூலி. "தெரியலண்ணே, நின்னுச்சு, அப்புறம் தானா எடுத்துச்சு" என்பவரிடம் அரை நாள் கூலி.