செடிக்குப் போன போர்வை

ஓர் ஈஸ்டர் திங்கட்கிழமை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத் தொழிலாளர்கள் நடத்திய ரோஜாப் போட்டிக்கு நடுவராகப் போனார் பாதிரியார் ரெனால்ட்ஸ் ஹோல். 1858இல் லண்டனில் முதல் தேசிய ரோஜாக் கண்காட்சியை முன்னின்று நடத்தியவர். சின்னக் கண்ணாடிக் கொட்டகைகளில் வளர்ந்த அந்தப் பூக்களைக் கண்டு அசந்துபோனார். உறைபனியிலிருந்து செடியைக் காக்க, ஒரு வீட்டில் கட்டில் போர்வையே செடிக்குப் போயிருந்ததாம். 1869இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் பதிந்திருக்கிறார்.

போட்டிக்கு ரோஜா வளர்ப்பவர்களுக்கு அந்த அக்கறை இன்றைக்கும் தேவைப்படுகிறது.

ஒரு தண்டுக்கு ஒரு பூ என்பது கணக்கு. பக்க மொட்டுகளைக் கடுகளவில் இருக்கும்போதே நகத்தால் கிள்ள வேண்டும்; தாமதித்தால் தழும்பு நடுவர் கண்ணில் பட்டுவிடும். வெயில் ஏறுமுன் வெட்டி, உடனே தண்ணீரில் ஆழமாக நிறுத்த வேண்டும். மொட்டு முந்திக்கொண்டு விரியாமலிருக்க மென்மையான கம்பளி நூலைத் தளர்வாகச் சுற்றுவார்கள். போட்டிக்கு முன் அதை மறக்காமல் அவிழ்க்க வேண்டும். இதழின் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டலாம். இலை மினுங்க எண்ணெய் தடவினால் தகுதியே போய்விடும்.

அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் 100 மதிப்பெண்ணில் பூவின் வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20. தண்டுக்கும் இலைக்கும் சேர்த்து அதே 20. பூவை மட்டும் கொஞ்சிவிட்டு இலையைப் பூச்சிக்கு விட்டவர்கள் தோற்பது இங்கேதான். வீட்டில் ரோஜா வைத்திருப்பவர்களே, நாளைக் காலை முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.