தூரமா... பக்கமா?

செயின் இழுத்து, டேப் பிடித்து, சர்வே கேம்ப் வெயிலில் கறுத்துப்போன சிவில் கூட்டம் நாங்கள். தூரம் என்றால் எங்களுக்கு ஒரு எண், அவ்வளவுதான். தாய்லாந்துக்காரர்களுக்கோ அது முதலில் ஒரு ராகம்!

உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அப்பா பாங்காக்கில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தாய் மொழியில் (தாய்மொழி அல்ல!) ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. பேச்சு மட்டும் தண்ணி பட்ட பாடு. ஞாயிறுதோறும் போனில் எனக்கு வாத்தியார் அவர்தான்.

'க்லை' என்றால் தூரம். 'க்லை' என்றால் பக்கம். அச்சுப்பிழை இல்லை நண்பர்களே! குரலை ஏற்றாமல் இறக்காமல் சமமாகச் சொன்னால் தூரம். மேலே தொடங்கிச் சறுக்கினால் பக்கம். அதோடு போச்சா? 'க்லை மை?' என்றால் தூரமா? 'மை க்லை' என்றால் தூரமில்லை. அந்த இரண்டு 'மை'க்கும் வேறு வேறு ராகம். அவசரப் பேச்சில் நடுவிலுள்ள 'ல' காணாமல்போய் வெறும் 'கை' ஆகிவிடுமாம். இன்னொரு ராகத்தில் 'கை' என்றால் கோழி! சமையல்காரர் பாடு எப்படியிருக்கும்?

போன புதிதில் மார்க்கெட் தூரமா என்று வழியில் ஒரு அம்மாவிடம் கேட்டிருக்கிறார். 'க்லை' என்றார்களாம். பக்கந்தான்னு நினைச்சு நடந்தார், நடந்தார்... செருப்பு அறுந்ததுதான் மிச்சம். அதிலிருந்து அப்பா கேட்பது 'கீ நாத்தீ?', எத்தனை நிமிஷம்? பாங்காக்கில் அதுதான் சரியாம். கிலோமீட்டர் சொல்லி என்ன பயன்? 'ரொத் தித்' என்பார்கள், வண்டி மாட்டிக்கிச்சு என்று அர்த்தம். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் ஆகும்.

அவர்களுடைய பழைய அளவுகளைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. 'குவெப்' என்பது சாண், 25 செ.மீ. 'சொக்' என்பது முழங்கை, அதாவது முழம், 50 செ.மீ. இரு கையையும் விரித்தால் 'வா', 2 மீட்டர். 'யோத்' 16 கி.மீ.; நம் 'யோசனை'யும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. வீட்டுமனையை இன்றும் சதுர வா கணக்கில்தான் விற்கிறார்கள். முழம் போட்டுப் பூ விற்றவள் என் பாட்டி. இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"எவ்ளோ தூரங்க இருக்கீங்க?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "பக்கந்தான்" என்பார் அப்பா. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையும் பாங்காக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 13 டிகிரி வடக்கு. தீர்க்கரேகையில் வித்தியாசம் 20 டிகிரி. நேர்கோட்டில் சுமார் 2,200 கி.மீ. விமானத்தில் மூன்றரை மணி நேரம். அப்பா சொன்னதும் பொய்யில்லை என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் பாட்டி இறந்தாள். முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கவே அப்பாவுக்கு நாலு நாள் ஆனது. வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் எதுவும் பேசவில்லை. பாட்டியின் பூக்கூடையை எடுத்துப் பரண்மேல் வைத்தார். பத்தாம் நாள் கிளம்பும்போது என் செமஸ்டர் ஃபீஸை எண்ணிக் கையில் கொடுத்தார்.

அம்மா இப்போது தூரம் கேட்பதில்லை. "லீவு எப்போ?" என்கிறாள். சொங்கிரானுக்கு ஓட்டலில் கூட்டம் தாங்காதாம், அது முடிஞ்சு வர்றேன் என்கிறார் அப்பா. சொங்கிரான் அவர்களுடைய புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை. நமக்குச் சித்திரை பிறக்கிற அதே நாட்கள்.