சில்லையும் சிறு கூடும்

தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் நாம் குடும்பத்தோடு கொழும்புக்குப் பிரயாணமானோம். உறவினர் வீட்டு மங்கல காரியம் ஒன்றே பிரதான நோக்கம். எட்டு வயது மகளுக்குச் சிறு பறவையொன்று வாங்கிக் கொடுப்பது அடுத்த நோக்கம். அவளுக்கோ இரண்டாவதே முதலாவது.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014இல் மீண்டது. அது முதல் இப்பிரயாணத்தில் நாம் பெரிதும் விரும்புவது ஆனையிறவு கடந்ததும் விரியும் காட்சியையே. கடல்நீர்ப் பரப்புக் கண்ணைவிட்டு மறைய, பரந்தனிலும் கிளிநொச்சியிலும் இரணைமடுக் குளத்தின் நீருண்டு விளைந்த வயல்கள் பொன்னிறம் பூண்டு கிடக்கும். அன்று வண்டி சற்றே தரித்து நின்ற வேளையில், கதிர்களினிடையிருந்து குருவிக் கூட்டமொன்று எழுந்து, ஓருடல்போல் வளைந்து, அப்பால் இறங்கிற்று. இரண்டு மட்டும் அருகிலிருந்த வேலிக் கம்பியில் தங்கின. கபில நிற முதுகு, மார்பிலே மீன்செதில் போன்ற புள்ளிகள், தடித்த சிறு அலகு. புள்ளிச் சில்லை என்பது அதன் பெயர். தினைக்குருவி என்பாரும் உளர்.

"அப்பா, எனக்கு உதுதான் வேணும்" என்றாள் மகள்.

"அது வயலுக்குச் சொந்தம், பிள்ளை" என்றோம். அவ்விடை அவளுக்குப் போதியதாகத் தோன்றவில்லை.

மறுநாள் சனநெருக்கம் மிகுந்த தெருவொன்றிலே பறவைக்கடைக்குள் நுழைந்தோம். முதற் கூட்டில் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைத் தாயகமாகக் கொண்ட சீப்ரா பிஞ்ச் குருவிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆணுக்குச் செம்மஞ்சட் கன்னம், அலகோ பவளம். குஞ்சுப் பருவத்திலே தந்தையின் பாட்டைக் கேட்டு ஆண்குஞ்சு தன் பாட்டைக் கற்றுக்கொள்ளும் என்பது இவ்வினத்தின் சிறப்பு.

அடுத்த கூட்டில் வெண்மையும் கபிலமும் கலந்த அமைதியான குருவிகள். பெங்கலீஸ் பிஞ்ச் என்பார்கள். வங்காளத்துக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை. நம் நாட்டிலும் வாழும் வெண்முதுகுச் சில்லையின் இனத்தைச் சீனத்திலிருந்து பெற்று, யப்பானியர் ஏறக்குறைய 250 ஆண்டுகளாகக் கூட்டிலே வளர்த்துவந்ததன் விளைவே இப்பறவை. காட்டிலே இது கிடையாது. பிறப்பும் வாழ்வும் கூட்டிலேதான். ஆயினும் காட்டு மூதாதையரைவிட இதன் பாட்டு நுட்பமானது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட விந்தை.

மூன்றாவது கூட்டின் முன் மகள் அசையாது நின்றாள். அங்கே முந்திய நாள் வேலிக் கம்பியிற் கண்ட அதே புள்ளிச் சில்லைகள்! வலையிற் பிடிபட்டவை என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. வால் இறகுகள் முறிந்திருந்தன. ஒன்று மூலையில் உடலைப் பருத்தி உருண்டைபோல் உப்பிக்கொண்டு கண்மூடியிருந்தது.

"எல்லாத்தையும் வாங்கித் திறந்து விடுவம், அப்பா."

அத்தொகை நமக்குப் பாரமானதன்று. கை சட்டைப்பைக்குச் சென்றதும் உண்மை. கடைக்காரர் நல்ல மனிதர், அவரே தடுத்தார்.

"இத நீங்க வாங்குனா நாளைக்கி இன்னும் இருவது புடிச்சிட்டு வருவாங்க சேர். நானும் இனி எடுக்கிறல்ல எண்டுதான் நெனச்சிட்டு இரிக்கன்."

வாங்கினால் வலைக்காரனுக்கு ஊக்கம். வாங்காவிடின் இவற்றுக்குச் சிறை. ஒரு கணம் ஏதும் சொல்ல இயலாது நின்றோம். ஈற்றில் வாங்காமலே திரும்பினோம். மகள் நமது கையை விடுவித்துக்கொண்டாள்.

கூட்டிற் பிறந்த பெங்கலீஸ் குருவிகள் இரண்டை அன்று தெரிந்தெடுத்தோம். தனித்து வாழ இப்பறவைக்கு மனமிராது. ஆகவே ஒன்று வாங்குவது கொடுமை. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. பாடுவது ஆண் மாத்திரமே. எனவே எது பாடுகின்றதென்று அரை மணி நேரம் காத்திருந்து கண்டுகொண்டோம். துளையிட்ட பெட்டியில், சிறிது தினையும் தாகத்துக்கு ஒரு வெள்ளரித் துண்டுமாக, அவை யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தன.

முதன்முதலாகப் பறவை வளர்க்க விரும்பும் குடும்பத்தினருக்கு நமது சிறு அனுபவத்திற் சில: கூடு உயர்ந்திருப்பதிலும் நீண்டிருப்பது நன்று, இவை பக்கவாட்டிலே பறப்பவை. தினையும் சாமையும் உணவு, கீரையும் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, வெயிலிற் காயவைத்துச் செருகினாற் போதும். குளிக்க ஒரு தட்டில் நீர் வேண்டும். அடுப்புப் புகையும் உச்சி வெயிலும் ஆகா. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதபடி தொங்கவிடல் வேண்டும். கையிற் பிடித்துக் கொஞ்சுவதை இவை விரும்பா. கண்ணாலும் காதாலும் மகிழ்வதற்குரியவை.

இப்பொழுது விறாந்தையில் நாள்தோறும் பாட்டு ஒலிக்கின்றது. தினை வைப்பதும் நீர் மாற்றுவதும் மகளின் பொறுப்பு. அதில் ஒருநாளும் அவள் தவறியதில்லை. ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை, நீர்த்தட்டைக் கையில் ஏந்தியபடியே கேட்டாள்:

"அப்பா, அந்த மூலையிலை இருந்தது இப்ப உயிரோடை இருக்குமோ?"

ஆண்டு பலவாக வகுப்பறையில் வினாக்களுக்கு விடை கூறிப் பழகிய நாம், தினைப் பேணியை எடுத்து அவளிடம் நீட்டினோம்.