குன்சும் கணவாயின் சரளைப் பாதையில்

இமாசலப் பிரதேசத்தில் லாகௌலிலிருந்து ஸ்பிதிக்குச் செல்வோர் கடக்க வேண்டியது குன்சும் கணவாய். உயரம் 4,500 மீட்டருக்கும் மேல். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர் மணாலியிலிருந்து லாகௌலுக்குள் நுழைவது எளிதாகிவிட்டது. கிராம்ஃபுவில் பிரியும் ஸ்பிதிப் பாதையோ வேறு வகை. 2022 செப்டம்பரில் நாமும் ஓர் இளந்தம்பதியரும் இரு மோட்டார் சைக்கிள்களில் அவ்வழியே சென்றோம். பாத்தல் வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் பெரும்பாலும் உருளைக் கற்களே. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் சந்திரா ஆறு. குறுக்கே பாயும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மாலையில் நீர் பெருகிவிடும்.

பாத்தலைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. எஞ்சினும் மனிதரைப் போலவே இரைக்கிறது. ஆகவே சரிவின் அடியிலேயே முதல் கியருக்கு வந்துவிடுதல் நலம். நடுவில் கியர் மாற்றினால் வேகம் அறுந்து வண்டி நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் முன் பிரேக்கை மட்டும் நம்பலாகாது. பாரம் பின்சக்கரத்தில் இருப்பதால், முன்சக்கரம் பூட்டியபடியே பின்னோக்கி வழுக்கும். எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, கிளட்சை விடுவித்தால் பின்சக்கரம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

உச்சியில் குன்சும் மாதா கோயில். வாகனங்கள் அதனைச் சுற்றிவிட்டே செல்வது அங்குள்ள வழக்கம்.

ஏறுவதைவிட இறங்குவதே அச்சத்திற்குரியது. டயருக்கும் தரைக்கும் நடுவே கற்கள் உருள்கின்றன. அப்போது முன் பிரேக்கை இறுகப் பற்றினால் சக்கரம் சுழலாது நின்றுவிடும்; சுழலாத சக்கரம் கைப்பிடி திரும்பும் பக்கம் திரும்பாது. அச்சம் வந்தவுடன் விரல்கள் தாமாகவே இறுகுகின்றனவே, அதுதான் தொல்லை! முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமாறு விட வேண்டும். பின் பிரேக்கை மென்மையாக மிதித்து, முன் பிரேக்கை ஒரே விரலால் சிறிது சிறிதாக அழுத்தலாம். கால்தாங்கிகளின் மீது எழுந்து நின்று, உடலைப் பின்னுக்குத் தள்ளி, கைகளைத் தளர்த்திக்கொண்டால், கல்லில் பட்டுத் தடுமாறும் சக்கரம் தானே நேராகிவிடும். புதிய வண்டிகளின் ஏ.பி.எஸ். கருவி சக்கரம் பூட்டாமல் காப்பது உண்மையே. ஆயினும் சரளைச் சரிவில் அதனாலேயே வண்டி நிற்க அதிகத் தொலைவு பிடிக்கும்.

பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் இவற்றுள் பல கைகூடா. நம் இளைஞருக்கு இது தெரியாததன்று. மனைவியை இறங்கச் சொல்வது தம் திறமைக்கு இழுக்கு என எண்ணினார் போலும். லோசர் நோக்கிய முதல் செங்குத்துச் சரிவில் பின்சக்கரம் இருமுறை விளிம்புப் பக்கம் ஒதுங்கியது. “நிறுத்துங்கள், நான் நடந்தே வருகிறேன்” என்றார் அப்பெண்மணி. அவர் ஒன்றும் பேசாமல் நிறுத்தினார். அம்மையார் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வளைவுகளுக்குக் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். தனி ஆளாய், ஆள் நடக்கும் வேகத்தில், ஒருமுறையும் வழுக்காது அவர் கீழே வந்து சேர்ந்தபோது, மனைவி ஒரு பாறையின்மேல் அமர்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.